ஒரு சொட்டு

சுபாங்கில் மழை விட்ட ஆறேகால் மணி.
இறக்கையின் அடியில் குப்பியை வைத்து அழுத்துகிறேன்.
ஒரு வாய் பெட்ரோல், வெளிறிய நீலம்,
அடியில் பொட்டுத் தண்ணீர்.
கொட்டிவிட்டு மறுபடி.
இப்போது நீலம் மட்டும்.

பக்கத்தில் நிற்பதும் அதே சாடை, அதே வெள்ளை.
உள்ளே டீசல் இஞ்சினாம், சிலதில்.
அது குடிக்கும் வைக்கோல் நிறத்தை
இதற்கு ஊற்றினால்
ஓடுதளம் தாண்டும்வரை ஒன்றும் தெரியாது.
அப்புறம் தெரிந்து பயனில்லை.

"முழுசா நிரப்பு"
போனில் பேசியபடியே கேப்டன் ஹெல்மி.
எதை, என்றேன்.
முறைத்தார்.
மூடியருகே ஒட்டிய எழுத்து
வெயிலில் உரிந்துபோயிருந்தது.

டேங்கில் எஞ்சியதில் ஒரு சொட்டை
ரசீதின் முதுகில் விட்டேன்.
நீலமென்றால் சுவடில்லாமல் பறந்துவிடும்.
இது போகவில்லை.
அப்பளம் வைத்த காகிதம்போல்
வட்டமாய் ஊறி நின்றது.
போனை அணைத்தார்.
இழுத்து வந்த குழாயைச் சுருட்டிக்கொண்டு
மற்ற லாரிக்கு நடந்தேன்.

பினாங்குக்கு இவ்வளவு, காற்று எதிர்த்தால் இவ்வளவு,
அதற்கும் மேலே முக்கால் மணிநேர இருப்பு.
தொடையில் தாள் வைத்துக் கணக்குப் போடுகிறார்.
முக்கால் மணிநேரம்!
தேதி இருபத்திரண்டு.
என் கப்சாயின் முள் சிவப்பில் படுத்து இரண்டு நாள்.
பூச்சோங்வரை, இறக்கம் வந்தால்
இஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு போகிறேன்.

கையெழுத்திட்டு நீட்டினார்.
நன்றி சொல்லவில்லை, பெயர் கேட்டார்.
தவமலர், என்றேன்.
மறுபடி சொல்லச் சொன்னார்.