இருபத்தைந்துக்குப் பதினொன்று

முப்பத்தெட்டு விடைத்தாள்கள்.
கேள்வி ஒன்றுதான்: ஆங்கில நாவலில்
நாயகனுக்கும் ஊருக்கும் உள்ள உறவை ஆராய்க.
ஈசூன், ஒன்பதாம் மாடி. மின்விசிறி மூன்றில் சுழல்கிறது.
தாள் பறக்காமலிருக்க
மேலே கோப்பிக் குவளை.

எல்லோர் தாளிலும் அவன் கிளம்பிப் போகிறான்,
புதர்வெளிக்கு, கப்பலுக்கு, மழைக்கு.
ஊர் கதவைச் சாத்திக்கொள்கிறது,
கடைசி அத்தியாயத்தில் சன்னலைத் திறந்து அழுகிறது.
அந்தத் தேசத்தில் போக இடமிருந்தது.
இங்கே கோபித்துக்கொண்டு ரயிலேறினால்
மரீனா சவுத் படகுத்துறையோடு தண்டவாளம் முடிந்துவிடும்.
அப்பால் கடல். கடலில் வரிசையாகக் கப்பல்கள்,
ஒன்றும் நமக்காக நிற்கவில்லை.
அட்டையைத் தட்டிவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான்.

நம் பழம்பாட்டில் தலைவனுக்குப் பெயர் கிடையாது.
ஊருக்கு ஒரு வேலை உண்டு: அலர் தூற்றுவது.
இப்போது அதை
எங்கள் புளோக்கின் வாட்ஸ்அப் குழு பார்த்துக்கொள்கிறது.

போன மாதம் அதில் ஒரு மனு வந்தது.
கீழ்த்தளத்துக் கல்மேசையையும் நான்கு முக்காலிகளையும்
எடுத்துவிட வேண்டுமாம்.
ஞாயிறு மாலைகளில் கட்டுமானத் தொழிலாளர்கள்
அங்கே உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுகிறார்கள்,
சத்தமாகச் சிரிக்கிறார்கள்.
கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாய் உயர்ந்தன.
மூன்றாம் மாடி ரொஸ்னா, இரவுப்பணித் தாதி,
அவள் மட்டும் எழுதினாள்:
"உட்காரட்டுமே."
அதன்பிறகு யாரும் பேசவில்லை.
ஒரு மணி நேரம் கழித்து யாரோ
பிறந்தநாள் கேக் படம் போட்டார்கள்.

என் கட்டைவிரல் பதினேழாவது.

மறுநாள் மின்தூக்கியில் அவளைப் பார்த்தேன்.
இடி இல்லை, வசனம் இல்லை.
கையில் பொட்டலம் கட்டிய மீ கோரெங், கண்ணில் தூக்கம்.
என் கைகளில் தாள்கட்டைக் கண்டு
ஒன்பதை அவளே அழுத்தினாள்.
மூன்றில் இறங்கிப் போனாள்.

மேசையைப் பெயர்த்த இடத்தில்
ஐந்து சிமெண்டு வட்டங்கள், இன்னும் வெளுப்பாக.
அவர்கள் இப்போது கால்வாய் விளிம்பில் உட்காருகிறார்கள்.
மெல்லப் பேசுகிறார்கள்.

ஜெர்வின் கோ அரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறான்.
மேற்கோள் இல்லை, ஆதாரம் இல்லை.
"அந்த ஊரில் கெட்டவர் யாருமில்லை.
எல்லோரும் நல்லவர்கள், களைத்தவர்கள்.
அதனால்தான் அவன் தனியாக இருந்தான்."
ஓரத்தில் 'விளக்குக' என்று எழுதி
இருபத்தைந்துக்குப் பதினொன்று போட்டிருந்தேன்.

சிவப்புப் பேனாவை மறுபடி திறந்தேன்.
பதினொன்றை அடித்துப் பதின்மூன்று ஆக்கினேன்.
அதற்கு மேல் போட
எனக்குத் துணிச்சல் வரவில்லை.