பதினோரு வீட்டுக்கு ஒரு கம்பி

உலான்பாத்தருக்கு வடக்கே மலைச்சரிவில்
கம்பளிக் கூடாரங்கள், பலகை வேலிகள்.
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்து நான்கு.
புகை மேலே போக மறுத்து
கடன்கொடுத்தவனைப் போல
வாசலிலேயே நிற்கிறது.

வீட்டுக்கொரு மின்கணப்பு இலவசமாய்க் கொடுத்தாயிற்று.
இன்னமும் நிலக்கரிதான் எரிகிறது.
பதினான்கு கேள்விகளோடு ஒரு படிவம் போனது.
பயன்படுத்துகிறீர்களா? இல்லை.
பயன்படுத்துகிறீர்களா? இல்லை.
சதவீதத்தைப் பார்த்துக் கொதித்துப்போய்
தம்தின் என்னைக் கூப்பிட்டார்.
"மானுடவியல் படித்தவள்தானே நீ,
இவர்கள் மண்டைக்குள் என்ன இருக்கிறதென்று
பார்த்துச் சொல். ஒரே பக்கம் போதும்."

செவெல்மா எனக்குக் கம்பளி விரித்தாள்.
உப்புப் போட்ட பால்தேநீர் தந்தாள்.
கொழுப்பில் ஒரு துண்டை
நெருப்புக்குக் கொடுத்த பிறகே எங்களுக்குக் கறி.
நான் கால் நீட்டியபோது
கண்ணாலேயே மடக்க வைத்தாள்.
தூங்கப் போகுமுன்
என் மடிக்கணினியின் மின்செருகியை
ஒரு வார்த்தை பேசாமல் பிடுங்கி வைத்தாள்.
அதையும் குறித்துக்கொண்டேன்.

அன்றிரவே அறிக்கை முடிந்துவிட்டது:
நெருப்பு இவர்களுக்குத் தெய்வம்.
மின்கணப்புக்கு வாயில்லை, ஊட்ட முடியாது.
அழகான வாக்கியம்.
சுவரொட்டியே அடிக்கலாம் என்றார் தம்தின் தொலைபேசியில்.

செவெல்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.
அகப்பை நழுவும்வரை சிரித்தாள்.
"தெய்வம்தான், யார் இல்லையென்றது?
என் அக்காள் அடுக்குமாடியில் இருக்கிறாள்.
அங்கே சுவரே சுடும்.
அவளுடைய தெய்வம் இன்னும் கோபித்துக்கொள்ளவில்லை."
பிறகு மாவு பிசையப் போய்விட்டாள்.

திரும்பிப் போக வெட்கமாயிருந்தது. தங்கிவிட்டேன்.

ஒன்பதாவது இரவு, இரண்டு மணிக்கு மேல்,
கதவைத் திறந்து தெருவைப் பார்த்துவிட்டு வந்தவள்
அடுப்பில் இன்னொரு கரிக்கட்டி போட்டாள்.
"யாரைப் பார்த்தாய்?"
"ஓதோன் வீட்டு வெளிச்சத்தை."

பதினோரு வீட்டுக்கு ஒரே கம்பி.
மூன்று கணப்பு சேர்ந்து எரிந்தால்
சந்து முழுக்க இருட்டு.
ஓதோனின் குழந்தைக்கு நாற்பது நாள்,
நெஞ்சில் சளி.
அதனால் அந்த வீட்டில் மட்டும் கணப்பு.
மதியத்தில் இரண்டு மணி நேரம்
வயிறு கிழித்துத் தைத்த லுவ்சானுக்கு.
மற்றவர்கள் கரி.

கூட்டம் போட்டீர்களா என்றேன்.
எதற்கு என்றாள்.
யார் முடிவு செய்தது என்றேன்.
குழந்தை இருமுவது எல்லோருக்கும் கேட்கிறதே என்றாள்.

நான் கேட்காததை அவளே சொன்னாள்,
அடுப்பு மூடியைச் சாத்திக்கொண்டே:
"எங்கள் புகையைத்தான்
அதுவும் இழுக்கிறது. தெரியும்."

புதிய அறிக்கை இரண்டே வரி.
கம்பியை மாற்றுங்கள்.
மாற்றும்வரை இவர்களைக் குறைசொல்லாதீர்கள்.

தம்தின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இதற்கு மானுடவியல் எதற்கு?
மின்வாரியத்தைக் கேட்டிருந்தால் போதுமே."
கேட்டிருக்கலாம்தான்.
கம்பியின் தடிமன் அவர்களுக்குத் தெரியும்.
பத்து வீட்டு 'இல்லை'யும்
பதினோராவது வீட்டு 'ஆமா'வுக்காகச் சொன்னவை என்பதற்குப்
படிவத்தில் கட்டமில்லை.
இதை அவரிடம் சொல்லவில்லை.
பேருந்தில்தான் தோன்றியது,
மூக்கைத் துடைத்த தாள்
கறுப்பாய் இருந்தபோது.

கம்பிச்சுருள் வந்து இறங்கியது,
பனி உருகிய பிறகு.
யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை,
சொல்ல வேண்டியதுமில்லை.

குறிப்பேட்டை இன்றும் எப்போதாவது புரட்டுகிறேன்.
முதல் இரவின் பக்கத்தில்,
மின்செருகிக்கு நேரே, ஓரத்தில்,
என் கையெழுத்து:
மின்சாரத்தின் மேல் அவநம்பிக்கையோ?
அழிக்காமல் வைத்திருக்கிறேன்.