கோரம்

செவ்வாய்க்கிழமை ஏழரை என்றால்
எட்டேகால்.
ஐந்து ரோட்டு ஓட்டல் மாடியறையில்
கொடி, மணி, மரச்சுத்தி,
போன வருஷத் தலைவர் இன்னும் சிரிக்கும் பேனர்,
காபி டம்ளர்களுக்கு நடுவே
அபராத டப்பா.
போன் அடித்தால் இருபது,
பேட்ஜ் மறந்தால் பத்து,
அரசியல் பேசினால் ஐம்பது.
சேகோ பேக்டரி சென்னகிருஷ்ணன்
மாத முதல் வாரமே நூறைப் போட்டுவிட்டு
மாதம் முழுக்கத் தாமதமாக வருவார்.

நான் செயலாளர்.
ஒன்பது பேர் இருந்தால் கோரம்.
ஆறு மாதமாக நோட்டில் எழுதுகிறேன்:
கோரம் இல்லை.
"பார்த்தா கோரமாத்தான் இருக்கு" என்பார்
பல் டாக்டர் ஜெரோம்,
காலி நாற்காலிகளைக் காட்டி.
பழைய ஜோக்குக்குத் தனி அபராதம் உண்டு.

கண் முகாம் நடத்தினோம்.
பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கொடுத்தோம்,
எங்கள் பெயர் போக மிச்ச இடத்தில் தண்ணீர்.
மரக்கன்று ஐந்நூறு.
எத்தனை பிழைத்தது என்று கேட்கக்கூடாது,
எழுதாத தீர்மானம் அது.

போட்டோவில் வராதது
குளிர்பெட்டி மட்டும்.
கண்ணாடி மூடி, ஆறரை அடி.
என் பெயிண்ட் கடைக் குடோனில்
வெள்ளை எனாமல் டின்களோடு நிற்கும்.
வாடகை கிடையாது.
எடுத்துப் போனவர்கள் திரும்ப வந்து
வேறு எதுவும் கேட்டதில்லை.
கடையைத் தாண்டும்போது
முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்,
நாகலூர்ப் பக்கமிருந்து போன்.
காபித் தோட்ட வேலையாள், சடையன்.
மகன் போர்வெல் லாரியோடு
சத்தீஸ்கரில் எங்கேயோ.
அவன் வந்து சேரும்வரை வைக்க வேண்டும்.

டெம்போவில் கட்டி ஏற்றினேன்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
பெட்டி ஒருமுறை இடம் மாறிப் படுத்தது,
உள்ளே ஆள் இல்லாமலே.
மேலே வோல்டேஜ் இல்லை.
கம்ப்ரசர் இரண்டுமுறை இருமி நின்றுவிட்டது.
கூட்டத்துக்குப் போன் போட்டேன்.

பேக்டரி ஜெனரேட்டரோடு வந்தவர்
சென்னகிருஷ்ணன். முதல்முறையாகச் சொன்ன நேரத்துக்கு.
டீசல் கேனை மடியில் வைத்துக்கொண்டு ஜெரோம்.
ஒயர் இழுக்க மின்வாரிய மாதேஸ்வரன்.
பெரிய பிளாஸ்க்கும் பிஸ்கட்டுமாய்
எல்.ஐ.சி. மும்தாஜ் மேடம்.
பிறகு ஒரு கார், அதில் நாலு பேர்.
பிறகு பதினோராவது வளைவில்
சில்வர் ஓக் ஒன்று சாய்ந்து
யாரும் இறங்க முடியாமல் போயிற்று.

தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்தோம்.
ஜெனரேட்டர் சத்தத்தில்
ஒப்பாரி பாதிதான் கேட்டது.
கூச்சமாக இருந்தது எங்களுக்கு.
மிளகுக்கொடி ஏறிய மரம்வரை
ஒயர் எட்டுமட்டும்
அதைத் தள்ளித் தள்ளி வைத்தோம்.

ஒரு மணி இருக்கும்,
சடையன் சம்சாரம் வரக்காப்பி கொண்டுவந்தாள்.
"நீங்கெல்லாம் அவருக்கு என்ன வேணும்?"
எந்த மேடையிலும் பத்து நிமிஷம் குறையாத
சென்னகிருஷ்ணன்
வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.
"பெட்டிக்காரங்கம்மா" என்றார் ஜெரோம்.
அவள் தலையாட்டினாள்.
சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

திடீரென்று போன் அடித்தது.
ஆளாளுக்குப் பாக்கெட்டைத் தடவினோம்.
சடையனின் போன்,
சுவர் மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில்.
அம்மாவைக் கூப்பிட அவனுக்கு
அந்த நம்பர்தான் தெரியும்.
நாக்பூர் தாண்டிவிட்டானாம்.

காலி டம்ளர்களை எண்ணினேன், பழக்கம்.
எட்டு.
என் கையில் இருந்ததையும் சேர்த்து
இன்னொருமுறை எண்ணினேன்.

அந்த வாரத்துக்கு நோட்டில் இருப்பது இவ்வளவுதான்:
கூட்டம் நடைபெறவில்லை.
பெட்டி சென்றது. வெள்ளி மாலை திரும்பியது.

அடுத்த செவ்வாய் ஆறு பேர்.
சென்னகிருஷ்ணன் எட்டேகாலுக்கு வந்தார்.
ஜெரோம் நாற்காலிகளைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததற்கு
டப்பாவில் அவரே பத்து ரூபாய் போட்டார்.