மறியல் நாட்கணக்கு

செவ்வாய்க்கிழமை விடியுமுன் அடித்தேன்.
முதுகில் இருபது லிட்டர்,
இடக்கையில் பம்புப் பிடி, வலக்கையில் குழல்.
சைப்பினா பள்ளத்தாக்கில் காற்று எழுவது எட்டு மணிக்குமேல்.
அதற்குள் ஹசிந்தா சோக்கேயின் தக்காளி
நாற்பத்திரண்டு வரிசையும் நனைந்துவிட்டது.
காய் துளைக்கும் புழுவுக்காக அடித்தது.
புழு மட்டும் குடிக்கவில்லை.

டப்பாவில் எறும்பளவு எழுத்து:
அடித்து ஏழு நாள் கழித்தே பறிக்கவும்.
வாசித்துக் காட்டினேன்.
"வெள்ளிக்கிழமை லாரி வருது, சிப்ரியானோ.
லாரிக்கு வாசிக்கத் தெரியாது."

நான் கூலிக்கு மருந்தடிக்கிறவன்.
அடித்தபின் அது என்ன ஆகிறதென்று
கூலி கொடுத்து யாரும் என்னைக் கேட்டதில்லை.
ஆனாலும் தெரியும்.
கோச்சபாம்பா ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தி
பழங்களைப் பையில் போட்டுக் கட்டியபடியே சொன்னது கொஞ்சம்,
வரப்பில் நின்றே கண்டது கொஞ்சம்.

முதலில் போவது காற்றோடு போகும்.
பிறகு வெயில்.
இந்த உயரத்து வெயில், மேகம் மறைக்காத வெயில்,
மூலக்கூறின் முட்டியைப் பிடித்து முறிக்கும்.
இரவுப் பனி கொஞ்சம் கரைக்கும்.
இலை தானே கொஞ்சம் செரித்துக்கொள்ளும்.
தோலின் மெழுகுக்குள் புகுந்தது மட்டும்
கடன்காரன் கதவைத் தட்டும்போது
கட்டிலடியில் படுத்தவனைப் போல
மூச்சுக் காட்டாமல் கிடக்கும்.
இதற்கிடையே காய் பருக்கிறது.
உள்ளே இருப்பவன் அவனேதான்,
வீடு பெரிதாகிவிடுகிறது.

மூன்று நாளில் பாதி என்றாள் அந்தப் பெண்.
அடுத்த மூன்றில் அந்தப் பாதியில் பாதி.
"அப்போ எப்பத்தான் தீரும்?"
"தீராது. பரவாயில்லை என்கிற அளவுக்குக் குறையும்."
அவள் சிரிக்கவில்லை.
எனக்கு அது பிடித்திருந்தது.

வியாழன் இரவு சாலையில் கல் விழுந்தது.
டீசல் இல்லையென்று லாரிக்காரர்களே மறித்தார்கள்.
கொமராப்பா திருப்பத்தில் டயர் எரிந்த புகை
மலைக்கு இந்தப் பக்கமும் தெரிந்தது.
வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை.
சனிக்கிழமை யாரும் வரவில்லை.
செல்போனை வானத்துக்கு நீட்டியபடி
வரிசைகளுக்கிடையே நடந்தாள் ஹசிந்தா.
பழங்கள் சிவந்தன,
வேண்டாமென்றாலும் இன்னும் சிவந்தன.
அடுத்த செவ்வாய், டப்பா சொன்ன அந்த ஏழாம் நாள்,
யாருக்கும் நினைவில்லாமல் கடந்துபோனது.
அன்று அவள் தம்பி நிக்கானோர்
வெடித்த பழம் இரண்டு கூடை பன்றிக்குக் கொட்டினான்.

பதினோராம் நாள் காலை கல்லை நகர்த்தினார்கள்.
லாரி வந்தது.
தரகர் ஒரு பழத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்,
குழி விழுந்தது,
பேசியிருந்த விலையில் மூன்றில் ஒன்று சொன்னார்.
நான் அடித்த தோட்டங்களிலிருந்து
இவ்வளவு சுத்தமாய் ஒரு பெட்டி ஏறியதில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
எண்ணும்போது குறுக்கே பேசினால்
முதலிலிருந்து தொடங்குவார்.

ஏற்றாமல் விட்டதில் ஆறு பழம் எடுத்து
ஹசிந்தா அம்மிக்கல்லில் வைத்தாள்.
லொகோட்டோ மிளகாய், ஒரு கொத்து கிர்க்கிஞா இலை, உப்பு.
அவித்த உருளைக்கிழங்கால் தொட்டுத் தின்றோம்.
நான் மருந்தடித்த செடியின் பழத்தை
நான் தின்றது அன்றுதான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
"எப்படி?" என்றாள்.
"காரம்," என்றேன்.

வேலைச் சட்டையை அலசி வேலியில் போட்டேன்.
அதன்மேலும் அதே வெயில் விழுந்தது.
முதுகில், பம்பு கசிகிற இடத்தில்,
உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்திருக்கிறது.
அந்தப் பெண்ணிடம் கேட்க விட்டுப்போனது இதுதான்:
அங்கே
எத்தனை நாளில் பாதி?