தேதியில்லாத பென்சில் வரி

நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
நார்வா ஆற்றுக்கு அக்கரையில் வேறு நாடு,
வேறு எழுத்து, வேறு மருந்துப் பெட்டி.
அதில் ஒன்றைக் கண்ணாடி மேசைமேல் வைத்து
கிளாஃபிரா கேட்கிறார்:
"என் இதய மாத்திரையோடு இதையும் விழுங்கலாமா?
மகன் வாங்கிவந்தான்.
ஆம், இல்லை, ஒரு சொல் போதும்."

ஒரு சொல்லுக்கு எத்தனை கதவு தட்டுவது.

பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் பிரித்தேன்.
எல்லாவற்றுக்கும் அஞ்சுகிற தாள்.
குமட்டலும் மரணமும்
ஒரே அளவு எழுத்தில்.

எங்கள் பதிவேட்டில் அந்தப் பெயரே இல்லை.
வண்ணப் பெயருக்கு அடியில், பொடி எழுத்தில்
மூலப்பொருளின் பெயர். அதற்கு எல்லைக்காவல் கிடையாது.
கணினியில் தட்டினேன்: "கவனம் தேவை."
யாருடைய கவனம், எவ்வளவு என்றால்
அதற்கு வாயில்லை.

கம்பெனிக்காரர் கொடுத்துப்போன வழவழப்பான அட்டை
இழுப்பறையிலேயே கிடக்கட்டும்.
விற்கிறவரிடமா பழம் புளிக்குமா என்று கேட்பது?

தடித்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் ஓரம்
யாரோ பென்சிலில்:
"கூடாது. ஒருவர் மயங்கினார்."
யார்? எப்போது? எத்தனை மில்லிகிராம்?
எனக்குமுன் இங்கே நின்ற ஐந்து பேரில் ஒருவர்.
தேதி இல்லை, பெயர் இல்லை.
அச்சைவிடக் கறுப்பாக, பயம்.
நம்பவும் முடியவில்லை,
ரப்பரை எடுக்கவும் கை வரவில்லை.

தார்த்துவுக்குப் போன் செய்தேன்.
ஆஸ்பத்திரி மருந்தாளர் லெம்பித் தேடிப்பார்த்துச் சொன்னார்:
"ஓர் ஆய்வு இருக்கிறது. முப்பது பேர்.
எல்லாரும் வாலிபர்கள், எல்லாருக்கும் நல்ல சிறுநீரகம்.
உன் ஆளுக்கு என்ன வயது?"
எழுபத்தெட்டு.
மறுமுனையில் கெட்டில் கொதிப்பது மட்டும் கேட்டது.

"எனக்குத் தெரியவில்லை" என்றேன் கிளாஃபிராவிடம்.
"காலையில் உங்கள் இதய டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்.
இன்றிரவு இது வேண்டாம்."

"எதிர்க்கடைப் பெண் உடனே சொல்லிவிட்டாள்."
"என்னவென்று?"
"சாப்பிடலாம் என்று."
"பிறகு ஏன் இங்கே வந்தீர்கள்?"

தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.
பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு
பதில் சொல்லாமலே போய்விட்டார்.

மறுநாள் பத்தரைக்கு டாக்டர் பேசினார்.
கிளாஃபிராவிடம் சொன்ன பிறகு
பென்சிலைச் சீவி
அந்தக் கறுப்பு வரிக்குக் கீழே எழுதினேன்:
சொன்னவர் பெயர், நோயாளியின் வயது, அளவு,
மைமு, நவம்பர் பதினான்கு, வருடம்.

அடுத்து இங்கே நிற்பவர்
இதையும் சந்தேகிக்க
தேதி உதவும்.