பொருள்: பரிசு

முதுகில் இரண்டு தட்டு நகர்ந்திருக்கிறது என்று
எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்த டாக்டர்
மாத்திரைச் சீட்டின் அடியில் எழுதினார்: நீச்சல்.
பதினெட்டு வருடம் ஓவர்லாக்கில் குனிந்ததற்கு
இனிமேல் தண்ணீரில் குப்புறப் படுக்க வேண்டுமாம்.

மங்கலம் ரோட்டுக் குளத்தில் டிக்கெட் கிழிக்கும் பையன்
என் கால்சட்டையைத் தொட்டே பார்த்துவிட்டான்.
"காட்டன் ஆகாதுங்ணா. பஞ்சு பிரிஞ்சு ஃபில்டர் அடைச்சுக்கும்.
நைலான் டவுசர்தானுங்."
சிரிப்பு வந்துவிட்டது.
திருப்பூரில் நின்றுகொண்டு
காட்டன் ஆகாது என்கிறான்.

காதர்பேட்டையில் கிலோ கணக்கில் உள்ளாடை கிடைக்கும்,
உலகத்தில் பாதிப் பேர் இடுப்புக்கு.
நீச்சல் டவுசர் மட்டும்
விளையாட்டுச் சாமான் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள்,
ஆயிரத்து நூற்றைம்பது.
ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டினாலும்
அன்றைக்கு அது என் கைக்கு வராது.

செக்கிங் தாரணிதான் டீ நேரத்தில்
போனைத் தேய்த்துத் தேய்த்துக் கண்டுபிடித்தாள்.
"வெளிநாட்டுக் கடைங்ணா. நானூத்திப் பன்னெண்டு.
அனுப்பற கூலி இல்லை. கார்டு என்னுது போடறன்,
சனிக்கிழமை சம்பளத்துல குடுத்துருங்."
படத்தில் ஒருவன் கடலை முறைத்துக்கொண்டு நின்றான்,
வயிறே இல்லாமல்.
கீழே தமிழில் எழுதியிருந்தது, தமிழ் மாதிரி:
"இந்தக் கீழ்ச்சட்டை தண்ணீரை மகிழ்ச்சியாக உலர்த்துகிறது.
ஆசிய மனிதர் இரண்டு எண் பெரிதாகவும்."
டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினேன்.
பெரிதானேன்.

முப்பத்தொரு நாள்.
கிடங்கை விட்டது, விமானம் ஏறியது, சுங்கத்தில் நின்றது,
நின்றது,
நின்றது.
தாரணிக்குப் பணம் கொடுத்தே மூன்று சனிக்கிழமை போனபின்
தலைகாணி உறை அளவில் சாம்பல் நிறப் பொட்டலம்.
சீட்டில் மதிப்பு ஒரு டாலர்.
பொருள் என்ற இடத்தில்: பரிசு.
எனக்கு யார் அனுப்பினார்கள்?

வீட்டில் எல்லோரும் நிறத்தைப் பார்த்தார்கள்.
நான் உள்ளே புரட்டித் தையலைப் பார்த்தேன்.
கை பழக்கம்; இன்ச்சுக்குப் பத்து, குறை சொல்ல முடியாது.
எலாஸ்டிக் முறுக்கவில்லை. நாடாவின் முனை பொசுக்கியிருக்கிறது.
இடது கவட்டுச் சந்தில் மட்டும்
மூன்று தையல் தாவியிருந்தது.

ஊசி மழுங்கினால் அப்படித் தாவும்.
இல்லையென்றால் கண் அசந்தால்.
எனக்கு அது நாலு மணி வாக்கில் வரும்,
ஃபேன் காற்றும் சூடாக வீசுகிற நேரத்தில்.
தாவிய இடத்துக்குப் பக்கத்தில்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.
அங்கேயும் ஒரு தாரணி கண்டுபிடித்திருக்கிறாள்.
கண்டுபிடித்தும் பேக்கிங்குக்குப் போயிருக்கிறது.
லாரி வந்து நின்றிருக்கும்.
சூப்பர்வைசர் "போகட்டும் போ" என்றிருப்பான்,
அவன் பாஷையில்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில்
பாலியெஸ்டர் நூல் மாட்டி என் மிஷினிலேயே அடித்தேன்.
பின்னால் வந்து நின்ற ஃப்ளோர் இன்சார்ஜ் பொன்னுலிங்கம்
"இது எந்த ஸ்டைல் நம்பர்?" என்றார்.
"பரிசுங்க."
அவருக்கு ஏதும் புரியவில்லை. எனக்கும் முழுதாக இல்லை.

குளத்தில் தண்ணீர் முதலில் வயிற்றைத்தான் விசாரித்தது.
பிறகு முதுகை வாங்கிக்கொண்டது.
நீச்சல் அல்ல, மிதந்தேன்,
பக்கத்தில் ரப்பர் வளையத்தோடு ஒரு குழந்தை
என்னைவிட வேகமாய்ப் போனது.
தையல் பிடித்து நின்றது. யாருடையது எது என்று
இப்போது எனக்கே தெரியாது.

இரவில் ஐந்து நட்சத்திரம் கேட்டது போன்.
நாலு கொடுத்து, தாரணியை விட்டு எழுதச் சொன்னேன்:
"இடது கவட்டில் மூன்று தையல் தாவல். சரி பண்ணிவிட்டேன்.
தைத்தவரைத் திட்ட வேண்டாம்.
நாலு மணிக்கு அவருக்கு ஒரு டீ கொடுக்கவும்."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது,
அதே தமிழில்:
"அன்பு நண்பர், உங்கள் தேநீர்
எங்கள் கிடங்கில் தற்போது இருப்பில் இல்லை."