பதின்மூன்று மில்லிமீட்டர்

அலஸ்தோட்டத்தில் ஒரு விடுதியைப் பூட்டியபோது
மலிவாய் வந்தது.
கட்டில்கள் போய், ஏசிகள் போய்,
கடைசிவரை ஒருவரும் கேட்காமல் நின்ற
பாத்திரம் கழுவும் மெசின்.
குகதாசன் அதை லாண்ட்மாஸ்டரில் ஏற்றி
உவர்மலை ஏற்றத்தில்
பின்னால் பிடித்தபடி நடந்து வந்தார்.

அகலம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
எங்கள் குசினிக் கபேட்டின் வாய்
ஐந்நூற்று எண்பத்தைந்து.

நான் கச்சேரியில் காணிப் பகுதி.
அரை அடி வேலிக்காகப்
பதினெட்டு வருசமாய்ப் பருத்த கோப்பொன்று
என் மேசையில் கிடக்கிறது.
முறைப்பாட்டுக்காரர் செத்து, எதிராளி கனடா போய்,
கதியால் மட்டும் துளிர்த்துக்கொண்டிருக்கிறது.
பதின்மூன்று மில்லிமீட்டர்
எனக்குச் சின்ன விசயமில்லை.

"எந்தப் பக்கம் விட்டுக்குடுக்கிறது?"
கிண்ணியாவிலிருந்து வந்த சவாஹிர் பாஸ்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்.
வலப்பக்கம் பேசின், குழாய் வளைவு, தொட ஏலாது.
இடப்பக்கம் லாச்சிகள்:
மேலே என் கரண்டிகள், நடுவில் தூள் போத்தல்கள்,
அடியில் இவரின் கரன்ட் பில்,
செத்துப்போன ரிமோட்டுகள்.
"மேல் லாச்சி" என்றார் இவர், யோசிக்காமல்.
"அடி லாச்சி" என்றேன்.
பாஸ் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை
இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

பிறகு முழங்காலில் இருந்து, டோர்ச்சை வாயில் கவ்வி,
விரலால் தட்டினார்.
"ஒரு பலகை இல்லை, தங்கச்சி. ரெண்டு.
முதுகோட முதுகு.
அதுக்கொண்டு, இதுக்கொண்டு அடிச்சிருக்கிறான்."

ஒன்றைக் கழற்றினார்.
பதினொரு வருசமாய் ஒருவரும் பார்க்காத இடுக்கில்
கொஞ்சம் பருப்பு, கரப்பான் முட்டைக்கூடு,
நான் தொலைக்கவே இல்லையென்று
சத்தியம் பண்ணிய திருவலை ஆணி.
இவர் அதைக் கையில் எடுத்தார்.
நான் கல்லைப் பற்றிக் கேட்டேன்,
மேலே இருக்கிற கிரனைட்டை இனி எது தாங்கும் என்று.
"மற்றது தாங்கும்."
மிச்சம் ஐந்து மில்லிமீட்டர்.
"அது காத்துக்கு."

அகலம் சரிவர, உயரம் முறைத்தது.
மாபிள் பதித்தவன் கபேட்டுக்கு அடியில்
பதிக்காமலே போயிருக்கிறான்,
ஆருக்குத் தெரியப்போகுது என்று.
மெசினைச் சரித்து, கால்களைத் திருகி உள்ளிழுத்து,
மூன்று பேர் மூச்சுப் பிடித்துத் தள்ள,
டொக்கென்று பள்ளத்தில் இறங்கியது.
"இனி வெளியில எடுக்கிறதெண்டா
மாபிளை உடைக்கோணும், இல்லாட்டிக் கல்லை"
என்றார் பாஸ், நல்ல செய்தி சொல்வதுபோல.

எட்டரைக்குக் கரன்ட் வந்தது.
பாரைமீன் குழம்புச் சட்டி?
மண் ஏலாதாம், இவர் புத்தகம் பார்த்துச் சொன்னார்.
புட்டுக்குழல்? அலுமினியம் ஏலாதாம்.
அகப்பை? சிரட்டை என்ற சொல்லே
அந்தப் புத்தகத்தில் இல்லை.
நாலு பீங்கான், ஆறு கிளாஸ்,
ஒன்றே முக்கால் மணித்தியாலம்.

ஏலாதவற்றை நான் பேசினில் நின்று கழுவினேன்.
இடுப்பளவு உயரத்தில்
சின்னதாய் ஒரு மழை பெய்துகொண்டிருந்தது.

கழற்றிய பலகையில் பாஸ் ஓர் ஆப்பு வெட்டித் தந்தார்.
கச்சானுக்கு அடித்துச் சாத்தும் பின்கதவை
இப்போது அது பிடித்திருக்கிறது.

திங்கட்கிழமை அந்தக் கோப்பைத் திறந்து
நில அளவைப் படத்தை யன்னலுக்கு நேரே பிடித்தேன்,
எங்காவது இரட்டைக் கோடு இருக்குமோ என்று.
இல்லை.
ஒன்றுதான், அதுவும்
பேனையை அழுத்திப் போட்டது.